ஓடுவோர்க்கு நேரும் கணைக்கால் நோவும் கரண்டைப் பிசகும்

தூத்துக்குடி நகரின் வடபால் அமைந்த திரேஸ்புரக் கடற்கரையில், கதிரவன் எழுமுன் சென்று நிற்பார்க்கு இருவகைக் காட்சிகள் புலனாகும். ஒன்று தொன்றுதொட்டு நிகழ்வது: வள்ளங்கள் கரைசேர, மீன் ஏலங் கூறும் ஆரவாரம். மற்றொன்று அண்மைக் காலத்தது: இளைஞர் பலர் கூடி, சிலர் வெறுங்காலுடனும் சிலர் தேய்ந்த சப்பாத்துக்களுடனும், கடிகாரத்தை நோக்கி நோக்கி ஓடுதல். இவர்களுட் பெரும்பாலார் பதக்கம் விரும்பி ஓடுவாரல்லர். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில், ஆடவர் 1500 மீட்டர் தூரத்தை 7 நிமிஷங்களுக்குள் ஓடி முடித்தல் வேண்டும் என்பது விதி. இராணுவத்திற்கு ஆள் எடுக்குமிடத்தும் 1.6 கிலோமீட்டர் ஓட்டம் உண்டு. எனவே ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளமும், தங்கையின் கலியாணமும், சில வேளைகளில் வீட்டுக் கடனும் அவ்வேழு நிமிஷங்களைப் பற்றித் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

இவ்விளைஞருள் அநேகர், எழுத்துத் தேர்வில் தேறிய செய்தி வந்த பின்னரே ஓடத் தொடங்குகின்றனர். அதுவரை புத்தகத்தின் முன் அமர்ந்திருந்த கால்கள் மறுநாட் காலையிலேயே ஐந்து கிலோமீட்டர் ஓடுமாறு ஏவப்படுகின்றன. முதல் வாரம் உடம்பெல்லாம் வலித்து அடங்கும். மூன்றாவது நான்காவது வாரங்களில், முழங்காலுக்கும் கரண்டைக்கும் நடுவே, எலும்பின் உட்புற விளிம்பில் ஒரு நோவு தோன்றும். 'ஓட ஓடச் சரியாய்ப் போகும்' என்று நண்பர் கூறுவர். ஓரிரு வாரம் அவ்வாறே சரியாய்ப் போவதுபோலவும் தோன்றும். பின்னர் ஒருநாள் ஓட முடியாது போம். தேர்வோ பத்து நாட்களில் வரும். நம் கல்லூரி மைதானத்திலும் விளையாட்டு விழா நெருங்குங்கால் இதே வரலாறு நிகழ்வதுண்டு. ஆதலின் இந்நோவின் இயல்பையும், அதனோடு பல சமயம் உடன்வரும் கரண்டைப் பிசகின் இயல்பையும் இங்கு விரித்துரைக்கப் புகுகின்றோம்.

முதற்கண் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். முழங்காலுக்குக் கீழே, முன்புறம் தோலையொட்டித் தட்டையாய்க் கைக்கு அகப்படும் பகுதி கணைக்கால். பின்புறத்துப் பருத்த தசை கெண்டை. பாதமும் கணைக்காலும் கூடுமிடம் கணுக்கால். நம் பக்கத்தார் இதனையே கரண்டை என்பர். கணைக்காலில் இரண்டு எலும்புகள் உள. உட்புறமுள்ள தடித்த எலும்பாகிய டிபியா உடலின் பாரத்தைப் பெரும்பாலும் தாங்குவது. வெளிப்புறமுள்ள மெல்லிய எலும்பு பிபுலா. இவ்விரண்டின் அடிநுனிகளே கரண்டையின் இருபக்கத்தும் புடைத்துத் தோன்றும் மொளிகளாம்.

எலும்பென்றவுடன் உலர்ந்த கட்டையொன்றை நினைப்பது நம்மவர் வழக்கம். மெய்யான எலும்போ உயிருள்ள பொருள், இரத்தம் ஓடுவது, இடையறாது தன்னைத்தானே இடித்துக் கட்டிக்கொள்வது. தாங்கும் பாரத்திற்கேற்ப எலும்பு தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும் என்பதை ஜெர்மானிய வைத்தியரான ஜூலியஸ் வோல்ஃப் 1892இல் நூலாக வெளியிட்டார். பாரம் மிகுந்தவிடத்து, பழைய எலும்பை அரித்தெடுக்கும் உயிரணுக்கள் முதலிலே தொழில் செய்யும். புதிய எலும்பை இடும் உயிரணுக்கள் பின்னரே வரும். அரித்தெடுக்கும் வேலை சில வாரங்களில் முடியும்; கட்டும் வேலைக்கோ சில மாதங்கள் செல்லும். வீட்டுச் சுவரைப் பெயர்த்துவிட்டுக் கொத்தனாருக்குக் காத்திருக்கும் நிலைபோன்றது இது. புதிதாய் ஓடத் தொடங்கியவனது எலும்பு, மூன்றாம் வாரத்தையொட்டி, தொடங்கிய நாளினும் வலுக்குறைந்து நிற்றல் கூடும். அவனுடைய மூச்சும் தசையும் அதற்குள் தேறிவிடுகின்றமையால் அவன் அந்த வாரத்திலேதான் வேகத்தை மிகுவிக்க எண்ணுகின்றான். இந்நோயின் சூது முழுவதும் இங்கேயே அடங்கியுள்ளது.

இதனை உலகம் முதன்முதல் அறிந்தது ஓட்டக்காரரிடமன்று, சிப்பாய்களிடமே. பிரஷ்யப் படையின் வைத்தியராயிருந்த பிரைட்ஹாப்ட் என்பார், நெடுந்தூரம் நடைபயின்ற சிப்பாய்களின் பாதங்கள் அடிபடாமலே வீங்கி நோதலை 1855இல் எழுதி வைத்தார். காரணம் அவருக்குப் புலப்படவில்லை. 1895இல் ராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த பின்னரே, 1897இல், அவ்வீக்கத்தின் உள்ளே எலும்பு நுண்ணிதாய் விண்டிருந்தது வெளிப்பட்டது. விழுந்து முறிவதன்று, அடித்து முறிவதுமன்று. ஆயிரக்கணக்கான சிறு அடிகளாற் களைத்து விண்டுபோவது. கம்பியொன்றை ஒரே இடத்தில் பலமுறை வளைத்து ஒடிப்பார் செயலை ஒப்பது.

கணைக்கால் நோவனைத்தும் இவ்வகை முறிவென்று அஞ்ச வேண்டுவதில்லை. மிகுதியாய்க் காணப்படுவது இதனினும் எளியதொரு நிலை. டிபியாவின் உள்விளிம்பில், கீழ்ப்பாதியில், ஐந்து விரலளவோ அதற்கு மேலோ பரந்து நிற்கும் நோவு அது. விரலால் நீவினால் நெடுகிலும் வலிக்கும். ஓடத் தொடங்குங்கால் வலித்து, உடம்பு சூடேறியதும் அடங்கி, ஓடி முடித்த பின்னரும் மறுநாட் காலையிலும் மீளும். எலும்பின் மேற்றோலும் அதனையடுத்த எலும்பும் பாரத்தால் எரிச்சலுற்றிருத்தலே இதன் பொருளெனக் கொள்வர். இரண்டாவது மேலே கூறிய விண்டல். இதில் நோவு ஓரிடத்தில், ஒரு காசளவில் நிலைக்கும். ஓட ஓட அடங்காது மிகும். பின்னர் நடக்கும்போதும், இறுதியில் படுக்கையிலும் வருத்தும். அக்காலொன்றால் நின்று குதித்தால் அவ்விடத்திலேயே சுருக்கென்று குத்தும். முன்னது முற்றி இரண்டாவதாய் மாறுதலும் கூடுமாதலின், இவ்விரண்டையும் ஒரு தெருவின் இரு முனைகளென்று கருதுதல் தகும்.

எக்ஸ் கதிர்ப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விண்டல் தோன்றிய முதலிரண்டு மூன்று வாரங்களில் அப்படம் பெரும்பாலும் குற்றமற்றதாகவே காட்டும். 'படத்தில் ஒன்றுமில்லை, பையன் சாக்குச் சொல்கிறான்' என்று தந்தையரும் பயிற்றுநரும் கூறி மீட்டும் ஓடவிடுதல் இதனாலேயே நிகழ்கின்றது. எம்.ஆர்.ஐ. படமோ தொடக்கத்திலேயே காட்டவல்லது. அதற்குச் செலவு மிகுதியாதலின், ஓரிடத்து நோவும் குதிக்குங்கால் குத்தலும் உள்ளவனை, படம் எடாவிடினும், விண்டல் உடையவனாகவே கருதி ஓட்டத்தை நிறுத்துதல் அறிவுடைமை. நோவு உள்விளிம்பில் இன்றிக் கணைக்காலின் முன்விளிம்பில், நடுப்பகுதியில் நிலைத்திருக்குமாயின் காலந்தாழ்த்தல் கூடாது. அவ்விடத்து எலும்பு ஒவ்வோரடியிலும் விரிந்து இழுக்கப்படுவது, ஆறுவது அரிது, முழுதும் முறிந்துவிடுதலும் உண்டு. அத்தகையோர் எலும்பு வைத்தியரை அடுத்தேயாதல் வேண்டும்.

மூன்றாவதொரு வகையும் உளது. அதனைக் கூறுதற்கு அமெரிக்க வீராங்கனை மேரி டெக்கரின் வரலாறே தக்கது. இளம் பருவத்திலேயே உலகப் புகழ் பெற்ற அவர் கணைக்கால் நோவால் 1976ஆம் வருஷத்து மொன்றியால் ஒலிம்பிக் பந்தயத்தை இழந்தார். ஓய்வெடுத்தால் நீங்கும், ஓடினால் மீளும். காரணம் நெடுங்காலம் தெளிவுபடவில்லை. அதை இன்னதென்று சுட்டியவர் வைத்தியரல்லர்; நியூசிலாந்து ஓட்டக்காரரான டிக் குவாக்ஸ். அதே மொன்றியாலில் 5000 மீட்டரில் வெள்ளிப் பதக்கம் பெற்ற அவர், தமக்கு நேர்ந்த அதே துன்பத்தை டெக்கரிடத்துக் கண்டார். கணைக்காலின் தசைகள் விரியாத உறைகளுக்குள் கட்டுண்டிருக்கின்றன. ஓடுங்காற் குருதி பெருகித் தசை பருக்க, உறை இடங்கொடாமையால் உள்ளே அழுத்தம் மிகும். 1977இல் உறையைக் கீறி விடுவிக்கும் சிகிச்சை டெக்கருக்குச் செய்யப்பட்டது. 1983இல் ஹெல்சிங்கியில் நடந்த முதல் உலகத் தடகளப் போட்டியில் 1500, 3000 மீட்டர் ஆகிய இரண்டிலும் அவரே தங்கம் பெற்றார். குறி இது: ஓடத் தொடங்கி ஏறக்குறைய ஒரே அளவு நேரம் சென்றதும் கணைக்கால் இறுகிக் கல்லாகும், சிலருக்குப் பாதம் மரத்துப்போம்; நின்றுவிட்டால் சிறிது நேரத்திற்குள் அடங்கும்.

இனிக் கரண்டைப் பிசகைக் கூறுவாம். பாதம் உட்புறமாய் மடங்க, உடற்பாரம் அதன்மேல் விழுதலே பெரும்பாலும் நேர்வது. வெளிமொளியையும் பாதத்தெலும்புகளையும் பிணைக்கும் நார்கள் மூன்றனுள் முன்னுள்ளது முதலில் இழுபட்டுக் கிழியும். உடனே வீக்கமும், பின்னர் நீலம் பாய்தலும் உண்டாம். எலும்பும் முறிந்ததோ என்ற ஐயம் எழுமன்றோ? அதற்குக் கனடா தேசத்து ஒட்டாவா நகர வைத்தியர் இயான் ஸ்டீலும் அவர் கூட்டத்தாரும் 1992இல் எளிய விதிகளை வகுத்தனர். இரு மொளிகளின் பின்விளிம்பிலாவது நுனியிலாவது எலும்பின்மேல் அழுத்த நோவு இருத்தல்; பாதத்தின் வெளிவிளிம்பில் சுண்டுவிரல் எலும்பின் அடியிலோ, உட்புற நடுவிலுள்ள எலும்பிலோ அவ்வாறே நோவு இருத்தல்; விழுந்தவுடனும் பின்னர் வைத்தியர் முன்னும் நான்கடி எடுத்துவைக்க இயலாமை. இவற்றுள் ஒன்றேனும் இருப்பின் படம் எடுத்தல் வேண்டும். ஒன்றும் இல்லையாயின் முறிவு பெரும்பாலும் இராது. ஒவ்வொரு விளையாட்டு மைதானத்திலும் சுவரில் எழுதிவைக்கத் தக்க விதிகள் இவை.

சுளுக்கென்றவுடன் நம் ஊர்களில் நிகழ்வன பல. காலை முன்னிட்டுப் பிறந்தவர் மிதித்தால் நீங்குமென்று அவரைத் தேடிப் போவோர் இன்றும் உளர். மிதிப்பவர் மெல்ல மிதிப்பாராயின் தீங்கில்லை என்பதற்கு மேல் அதைப்பற்றிச் சொல்வதற்கொன்றுமில்லை. புளியும் உப்பும் காய்ச்சிச் சூடாகப் பற்றிடுதல் பழைய முறை. உப்பு விளையும் ஊரில் அதற்குக் குறைவில்லை. வீக்கம் எழும் முதலிரண்டு நாட்களில் கொதிக்கக் கொதிக்கப் பற்றிடுதலும், அழுத்தி நீவிச் 'சுளுக்கெடுத்தலும்' கிழிந்த நாரை மேலும் வருத்துமாதலின், அவற்றை விலக்குதல் நலம். மூங்கிற் பத்தையை இறுக்கிக் கட்டும் கட்டோ அதனினும் அபாயமுடையது. கட்டிய பின் விரல்கள் நீலமாகவோ, மரத்தோ, தாங்கொணாத வலியுடனோ இருப்பின் அக்கணமே அவிழ்த்தல் வேண்டும். இரத்தம் தடைப்பட்டுக் காலையே இழந்தோர் உண்டு.

மேனாட்டு வைத்தியமும் இவ்விஷயத்தில் தன் கருத்தை மாற்றிக்கொண்டே வந்துள்ளது. ஓய்வு, பனிக்கட்டி, இறுக்குக் கட்டு, உயர்த்திவைத்தல் என்னும் நான்கையும் ஒரு சொல்லாக்கி 1978இல் உலகெங்கும் பரப்பியவர் அமெரிக்க வைத்தியர் கேப் மிர்க்கின். பனிக்கட்டியும் முழு ஓய்வும் ஆறுதலைத் தாமதப்படுத்தக்கூடும் என்று அவரே 2014இல் எழுதினார். முதலிரண்டு நாள் வலியடங்கச் சிறிது குளிர்ச்சி இடுதலில் குற்றமில்லை. அதன்பின் வலி பொறுக்குமளவு காலை ஊன்றி நடத்தலே நார் நேராய் வளர்தற்கு உதவும் என்பது இந்நாளைய துணிவு. மூன்று வாரம் கட்டிலிற் கிடந்து எழுபவனது கரண்டை விறைத்தும் மெலிந்தும் இருக்கும்.

வலி நீங்கியும் அதே கரண்டை மீண்டும் மீண்டும் பிசகுவதேன்? பலர் இதனை விதியென விடுகின்றனர். ஆங்கில வைத்தியர் ஃப்ரீமன் 1965இல் கூறிய விளக்கம் இன்றும் சிந்திக்கத் தக்கது. நார்களுக்குள் நுண்ணிய நரம்பு முனைகள் உள. பாதம் எப்பக்கம் சாய்கின்றதென்று அவை மூளைக்கு அறிவிக்கும். நார் கிழியுங்கால் இத்தூதரும் அழிகின்றனர். நார் மீண்டும் ஒட்டினும், செய்தி பிந்தி வருவதால், தசை இறுகித் தாங்குமுன் பாதம் மடங்கிவிடுகின்றது. ஆகவே கட்டினும் மருந்தினும் பயிற்சியே இங்கு முதன்மையானது. கரண்டை பிசகிய 522 விளையாட்டு வீரரைக் கொண்டு ஹாலந்து தேசத்தார் நடத்தி 2009இல் வெளியிட்ட சோதனையில், எட்டு வாரம் வீட்டிலேயே சமநிலைப் பயிற்சி செய்தாருள் ஓராண்டிற்குள் 100க்கு 22 பேருக்கே மீண்டும் பிசகிற்று. செய்யாதாருள் 100க்கு 33 பேருக்கு. பயிற்சியோ யாதொரு கருவியும் வேண்டாதது. ஒற்றைக்காலில் நிற்றல், பின் கண்மூடி நிற்றல், பின் தலையணைமேல் நிற்றல், நின்றபடி சுவரிற் பந்தெறிந்து பிடித்தல். பல் துலக்கும் நேரமே இதற்குப் போதும். ஆடும் வள்ளத்தில் நின்று வலையிழுத்துப் பழகியவன் இப்பயிற்சியைச் சிறு பிள்ளை முதலே செய்துவருகின்றான் என்று திரேஸ்புரத்தார் பெருமைப்படின் அதை மறுத்தற்கில்லை.

தக்க காலம் பொறுத்தால் என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உளது. மராட்டிய நாட்டு பீட் ஜில்லாவில் மாண்ட்வா என்னும் சிற்றூரிற் பிறந்த அவினாஷ் சாப்ளே, மகார் படைப்பிரிவிற் சேர்ந்து, சியாச்சின் பனிமலையிலும் இராஜஸ்தானப் பாலையிலும் பணிசெய்த பின்னரே, 2015இல் ஓட்டப் போட்டிகளிற் புகுந்தவர். அவர் தெரிந்துகொண்டதோ 3000 மீட்டர் தடைதாண்டும் ஓட்டம். 28 தடைகளையும் 7 நீர்க்குழிகளையும் கடக்க வேண்டிய அப்பந்தயத்தில் நீர்க்குழியின் அடி சரிந்திருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு கரண்டையின்மேல் முழுப் பாரமும் இறங்கும். 2018இல் கரண்டைக் காயத்தால் அவர் ஜகார்த்தா ஆசிய விளையாட்டிற்குத் தகுதி பெறவில்லை. இருபத்துமூன்று வயது வீரனுக்கு அது எத்தகைய இழப்பென்று சொல்ல வேண்டுவதில்லை. அவ்விளையாட்டு நான்காண்டிற்கு ஒருமுறை வருவது. அவ்வருஷம் செப்டம்பர் மாதத்திலேயே, புவனேசுவரத்தில் நடந்த தேசியப் போட்டியில், 8 நிமிஷம் 29.80 விநாடியில் ஓடி, 1981இல் கோபால் சைனி நாட்டிய 8 நிமிஷம் 30.88 விநாடி என்னும் இந்தியச் சாதனையை அவர் முறியடித்தார். 1998 முதல் 2018 வரை காமன்வெல்த் விளையாட்டில் அவ்வோட்டத்தின் பதக்கங்கள் அனைத்தையும் கெனியா நாட்டாரே கொண்டுசென்றனர். 2022இல் பர்மிங்ஹாமில் 8 நிமிஷம் 11.20 விநாடியில் வெள்ளி பெற்று அத்தொடரை அறுத்தவர் சாப்ளே. முதல்வருக்கும் அவருக்கும் இடையே 0.05 விநாடியே. 2023இல் ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் தங்கமும் கிட்டிற்று.

பி.டி. உஷாவின் வரலாறு இதன் மறுபுறம். 1986இல் சியோல் ஆசிய விளையாட்டில் நான்கு தங்கமும் ஒரு வெள்ளியும் பெற்ற அவர், 1988இல் அதே நகரில் நடந்த ஒலிம்பிக்கிற்கு நாடு முழுவதன் எதிர்பார்ப்பையும் குதிகாற் காயத்தையும் ஒருங்கே சுமந்து சென்றார். முதற் சுற்றிலேயே தோற்று வெளியேற நேர்ந்தது. அதற்காக அவர் பெற்ற வசைகள் கொஞ்சமல்ல. குதிகால் தேறிய பின், 1989இல் டில்லியில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில், நான்கு தங்கமும் இரண்டு வெள்ளியும் பெற்றார். கால் அதே கால், வீராங்கனையும் அவரே; இடைப்பட்டது ஏறக்குறைய ஓராண்டுக் காலமே.

எலும்பு கட்டுதற்குப் பொருள் வேண்டுமன்றோ? அமெரிக்கக் கடற்படையிற் சேர்ந்த 5,201 பெண்களைக் கொண்டு செய்த ஆராய்ச்சியொன்று 2008இல் வெளிவந்தது. சுண்ணாம்புச் சத்தும் டி வைட்டமினும் உண்டாரிடத்து எலும்பு விண்டல் ஐந்திலொரு பங்கு குறைந்தது. நமக்கு மாத்திரையே வேண்டுமென்பதன்று. கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமிற்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. முள்ளோடு உண்ணும் நெத்திலி நம் கரையின் செல்வம். அதனை விற்றுவிட்டு ரொட்டியும் தேநீரும் உண்டு ஓடுதல் வியப்பாகவே இருக்கின்றது. ஓட்டத்தை மிகுவித்து உணவைக் குறைப்பார் எவர்க்கும் எலும்பு மெலியும். பெண் மாணவியர்க்கு இது விசேஷமாகக் கூறற்பாலது: பயிற்சிக் காலத்தில் மாதவிடாய் நின்றுபோயின் அதனைப் பயிற்சியின் வெற்றியென எண்ணாது, உணவு போதாமையின் அறிகுறியென்று கொண்டு வைத்தியரிடம் கூறுதல் வேண்டும். உலக ஒலிம்பிக் சங்கத்தாரும் 2014இல் இதனை ஆண் பெண் இருபாலார்க்கும் உரிய ஒரு குறையாக வகுத்துரைத்தனர்.

மீண்டும் ஓடத் தொடங்குவது எப்பொழுது என்பதே எல்லாரும் கேட்கும் கேள்வி. உள்விளிம்பிற் பரந்த நோவாயின், ஓட்டத்தைப் பாதிக்கு மேற் குறைத்துச் சில வாரம் பொறுத்தலும், கெண்டையை வலுப்படுத்தலும் பெரும்பாலும் போதும். விண்டலாயின் ஆறு முதல் எட்டு வாரம் வரை ஓட்டமே கூடாது. சிலர்க்கு அதனினும் நீளும். அதுவரை மூச்சின் வலிமை கெடாதிருக்க, நீந்தலாம். கழுத்தளவு நீரில் காலூன்றாது மிதந்தபடியே ஓடலாம். வலியின்றேல் மிதிவண்டியும் ஆகும். பின் அரைமணி விரைந்து நடந்து வலியில்லையா, அக்காலால் பத்துமுறை குதித்து வலியில்லையா, படிவிளிம்பில் ஒற்றைக்கால் நுனியில் எழுந்து இறங்குதல் மற்றக் காலுக்கு ஈடாக இயலுகின்றதா என்று பார்க்க. மூன்றுக்கும் ஆம் எனின், ஒரு நிமிஷம் ஓடி நான்கு நிமிஷம் நடத்தலை ஐந்தாறு முறை செய்க; மறுநாள் ஓய்க. மறுநாட் காலையில் எலும்பைத் தடவ நோவில்லையேல், அடுத்த முறை இரண்டு நிமிஷம் ஓடி மூன்று நிமிஷம் நடக்க. நோவு கண்டால் முந்திய படிக்கே இறங்குக. தசையில் சிறு வலியைப் பொறுத்து ஓடலாம். எலும்பு நோவைப் பொறுத்து ஓடலாகாது.

வாரத்திற்குப் பத்திலொரு பங்குக்கு மேல் கூட்டாதே என்னும் விதி ஓடுவோர் வாயில் வேதம்போல் வழங்குகின்றது. ஹாலந்தில் குரோனிங்கன் நகரத்தார் 532 புதிய ஓட்டக்காரரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினரை அவ்விதிப்படி 13 வாரமும், மற்றவரை வழக்கம்போல் 8 வாரமும் பயிற்றினர். 2008இல் வெளியான முடிவின்படி இரு பகுதியினருள்ளும் ஐந்திலொருவர் காயமுற்றனர். விதி பொய்யென்பதன்று, அதுவொன்றே காவலாகாது என்பதே கருத்து. முன்பு ஓடாதவனுக்குத் தொடக்கமே மிகுதியாயின், அதன்மேற் பத்திலொன்று கூட்டினும் மிகுதியே. நம் அனுபவத்தில் இதனினும் பயன்படுவது, காலடியைச் சுருக்கி, நிமிஷத்திற்கு வைக்கும் அடிகளின் தொகையைச் சிறிது கூட்டுதல். நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை கூட்டினாலே ஒவ்வோரடியிலும் காலேறும் அடி குறைவதாகக் கண்டுள்ளனர். வேகம் மாறாது.

ஓடுமிடத்தைப் பற்றியும் கூற வேண்டும். மணல் மெத்தென்றிருத்தலால் எலும்பிற்கு நன்றென்று கருதுவோர் பலர். அதில் பாதி உண்மை. எலும்பிற்கு அடி குறையும். கெண்டைக்கும் கரண்டைக்கும் வேலை மிகும். மணலில் ஓடுதற்குக் கெட்டித் தரையினும் 1.6 மடங்கு ஆற்றல் செலவாகின்றதென்று பெல்ஜிய ஆராய்ச்சியாளர் 1998இல் அளந்து கூறினர். பிசகிய கரண்டையோடு பொடிமணலில் ஓடுதல் தகாது. அலையோரத்து ஈரமணல் கெட்டியானது. ஆயின் நம் கடலில் ஏற்றவற்றம் சிறிதாதலின் அப்பட்டை குறுகியது, கடலை நோக்கிச் சரிந்தது. வடக்கு நோக்கி ஓடுவானது வலக்கால் எப்பொழுதும் தாழ்ந்து நிற்கும். ஒரு காலின் நார்கள் அளவிறந்து இழுபடும். சென்ற வழியே திரும்பி வந்தால் இழுப்பு மற்றக் காலுக்கு மாறும். திரும்புகையில் தார்ச்சாலை வழியே வருவோர் அப்பயனை இழக்கின்றனர். புதியவர்க்குத் தருவை மைதானத்து மண் தரையே ஏற்றது. அங்கும் இடப்புறமாகவே சுற்றாது, மெல்ல ஓடும் நாட்களில் திசைமாற்றிச் சுற்றலாம்.

திரேஸ்புரத்திற்கே உரியதொரு செய்தி எஞ்சியுள்ளது. முத்துக்குளிப்பு 1961க்குப் பின் ஓய்ந்துவிட்ட போதிலும், சங்கு குளிக்கும் தொழில் நின்றபாடில்லை. முன்னையோர் கயிற்றிற் கட்டிய கல்லிற் காலூன்றி, ஒரு மூச்சில் இறங்கி ஏறினர். இந்நாளையோர் பலர், படகிலுள்ள காற்றழுத்தும் இயந்திரத்தினின்று குழாய் வழியே மூச்சு வாங்கி, நெடுநேரம் அடியிலே தங்கி, விரைந்து மேலேறுகின்றனர். ஆழத்தில் இரத்தத்திற் கரைந்த காற்று குமிழியாய்ப் பிரிந்து மூட்டுக்களிற் கடும் வலியை விளைக்கும். பன்முறை நேரின் எலும்பின் உட்பகுதியே உயிரிழத்தல் உண்டு. சங்கு குளித்துக்கொண்டே காவலர் தேர்விற்கும் ஓடிப் பயிலும் இளைஞனொருவன் கால்மூட்டு வலியென்று ஆஸ்பத்திரிக்குச் சென்றால், ஓட்டத்தை மட்டும் சொல்லிக் குளித்ததை மறைப்பது இயல்பு. எத்தனை பாகம் இறங்கினான், எத்தனை நாழிகை இருந்தான், வலி கரையேறிய அன்றே கண்டதா என்பனவற்றை அவன் வைத்தியரிடம் முதலிலேயே கூறல் வேண்டும். ஓட்டத்தால் வந்த நோவிற்கும் ஆழத்தால் வந்த நோவிற்கும் சிகிச்சை முற்றும் வேறு.